கோட்டின் மேல் நின்றவள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். யார் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். கருந்துளைகளை எடை போடுவது அவள் வேலை, அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, தொலைபேசியை எடுத்தால் "தராசு பேசறேன்" என்றே ஆரம்பிப்பாள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கடையில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கினால்கூட வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுப்பாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுக் கதவோரத்தில் ஒரு வருஷம் ஏமாந்துபோனாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு எட்டு. சின்னவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடுகு என்றால்தான் திரும்புவாள். ஆள் அவ்வளவு சிறிசு. ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டை இன்னும் தொளதொளவென்று கிடக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? அந்த வீட்டில் எந்த நேரத்துக்கு விளக்கு எரியவேண்டும், எந்தப் பாட்டு ஓடவேண்டும், யார் யாரோடு பேசாமல் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அவள் தீர்ப்புதான்.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லம்மா. சில பிள்ளைங்க நிதானமாத்தான் வளரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதி வைங்க" என்று அனுப்பிவிட்டார். தராசிடம் போய் அளந்து எழுது என்று சொன்னால் விடுவாளா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, படுக்கையறைக் கதவு நிலையில் பிள்ளைகளை நிற்கவைப்பாள். தடித்த அட்டை போட்ட விண்மீன் வரைபடப் புத்தகத்தைத் தலையில் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, பிறகு மேசையில் இருக்கும் நோட்டில் எழுதுவாள். தன்னை மட்டும் அளக்கிறார்கள் என்று கடுகுக்குத் தோன்றக்கூடாதே என்று பெரியவளையும் சேர்த்து அளப்பாள். பெரியவளை அளந்ததற்கு வேறு காரணமே கிடையாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிறு. கடுகு நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். மூன்று மாதத்தில் வளர்ந்தது அரிசி மணி அளவு. பெரியவளோ ஒரே மூச்சில் மூன்று சென்டிமீட்டர் ஏறி நூற்று நாற்பத்தாறில் நின்றாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே முப்பத்து நான்கு. கடுகு அண்ணாந்து பார்த்தாள், உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிர அழுதாள். தராசின் முகம் போன போக்கைச் சொல்லவேண்டாம். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நல்ல காலம் வந்தது. அடுத்த முறை கடுகு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாள், பெரியவளும் ஒன்று. அதற்கடுத்த முறையும் அப்படியே. அதற்கும் அடுத்த முறையும் அதேதான். நடுவில் முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு. தராசுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ரெண்டும் கைகோத்து வளருதுங்க" என்று தங்கையிடம் போனில் சொன்னாள். "பெரியவளப் பத்தி எனக்குக் கவலையே இல்லடி. அவ தானா வளர்ற பொண்ணு."

இந்தக் கைகோத்து வளரும் சமாச்சாரம்தான் அவள் தொழிலும்.

ஒவ்வொரு பெரிய விண்மீன் மண்டலத்தின் நடுவிலும் ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. மண்டலத்தின் நடுவே புடைத்து நிற்கும் நட்சத்திரக் கூட்டம் ஐந்நூறு கிலோ மூட்டை என்றால், கருந்துளை அதற்குள் கிடக்கும் ஒரு கிலோ படிக்கல். அவ்வளவுதான். ஆனால் மூட்டை பெரிதாக இருக்கும் இடத்தில் படிக்கல்லும் பெரிதாக இருக்கிறது, மூட்டை சிறுத்தால் கல்லும் சிறுத்திருக்கிறது. கல்லும் மூட்டையும் ஒன்றை ஒன்று எப்படித் தெரிந்துவைத்திருக்கின்றன? வாயு உள்ளே கொட்டும்போது கருந்துளை அள்ளி அள்ளி விழுங்கும். விழுங்கும் வேகத்தில் அதைச் சுற்றி அனல் பறக்கும். அந்த அனல் மிச்ச வாயுவை வெளியே துரத்திவிடும். வாயு இல்லாவிட்டால் புது நட்சத்திரம் எதில் பிறக்கும்? ஆக, நடுவில் இருக்கும் அந்தப் பொடிசு ஒரு மூச்சு விட்டால் மொத்த மண்டலமும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வாயு தீர்ந்தபின் பொடிசும் பட்டினி.

இது நமக்கு அருகில் இருக்கும் மண்டலங்களின் கதை. பிரபஞ்சம் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இப்படித்தானா, அப்போதும் இரண்டும் ஜோடி சேர்ந்துதான் வளர்ந்தனவா என்பது தராசின் கேள்வி. அதற்காக வெகு தூரத்தில் இருக்கும் முப்பத்தொரு மண்டலங்களைப் பிடித்து, வாயு சுழலும் வேகத்தை வைத்து உள்ளே இருப்பதை நிறுத்து, வெளிச்சத்தை வைத்து வெளியே இருப்பதை நிறுத்து, வரைபடத்தில் புள்ளி வைத்தாள். ஆறு வருஷ உழைப்பு. முப்பத்தொரு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரிசை கட்டி நின்றன. அந்தக் கோட்டை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருந்தாள். திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பவேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூதக்கண்ணாடி வந்தாள். அனுப்பும் முன் எல்லோருடைய கணக்கையும் சரிபார்ப்பது இவள் வேலை. தராசைவிடப் பத்து வயது இளையவள், பேச்சு மெதுவாக வரும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். இந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் பெயர் சும்மா வருவதில்லை.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் பேசுவேன்."

"இப்படி ஆரம்பிச்சாலே கோவம் வருது. சொல்லு."

"உங்க புள்ளியெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா என்ன கஷ்டம் உனக்கு?"

"அதான்க்கா கஷ்டம்." பூதக்கண்ணாடி தாளை மேசையில் விரித்தாள். "ஒவ்வொரு எடையும் இவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சிதறணும் இல்ல? ஒண்ணுகூட சிதறல. ஆணி அடிச்ச மாதிரி கோட்டு மேலயே நிக்குது. நம்ம கையே நடுங்கும்போது கோடு மட்டும் எப்படிக்கா நேரா வரும்?"

"கவனமா அளந்தா வரும்."

"அளந்த பதிவெல்லாம் எடுத்துப் பார்த்தேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "முதல் தடவை அளந்தப்போ பதினொண்ணு கோட்டை விட்டு விலகி நின்னிருக்கு. அந்தப் பதினொண்ணை மட்டும் திரும்பத் திரும்ப அளந்திருக்கீங்க. இதை நாலு தடவை. இதை ஏழு தடவை. நடுவுல தூசி மறைக்குதான்னு பார்த்திருக்கீங்க, கருவியில கோளாறான்னு பார்த்திருக்கீங்க. கோட்டு மேல வந்து விழுந்ததும் நிறுத்திட்டீங்க. மிச்சம் இருபதை முதல் நாளுக்கு அப்புறம் யாரும் தொடவே இல்ல."

"சரியா இருக்குறதை எதுக்குத் தொடணும்?"

"சரியா இருக்குன்னு யாருக்கா சொன்னா?"

கோடு சொன்னது என்று சொல்ல வாயெடுத்தாள் தராசு. சொல்லாமல் மூடிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல், அதுவும் நம்மைவிடச் சின்னவள் மெதுவாகச் சொன்னால் இரண்டு மடங்கு எரிச்சல். "உனக்கு வேற வேலை இல்லையா? ஆறு வருஷம் நான் இங்க என்ன மணி ஆட்டிக்கிட்டா உக்காந்திருந்தேன்? மத்தவங்க உழைப்புல ஓட்டை தேடுறதே பொழப்பாப் போச்சு" என்று நாலு பேர் காதில் விழும்படி கத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பூதக்கண்ணாடி தாளை மடித்தபடி, "திங்கக்கிழமை வரைக்கும் யோசிச்சுப் பாருங்கக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. தராசு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. தராசின் கணவருக்குத் தையல்கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் நூல்கண்டு. மனம் சரியில்லாத நாளில் தராசு அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார், பேசட்டும் என்று காத்திருப்பார். அன்று அவர் ஒரு நீலப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருதுங்க இது?"

"நம்ம பெரியவளுது. இந்த வருஷத்துல மூணாவது தடவையா மடிப்பு பிரிக்கிறேன்."

"துவைச்சுத் துவைச்சுத் துணி சுருங்கியிருக்கும்."

"துணி சுருங்கும், சரி. என் டேப்புமா சுருங்கும்?" அவர் சிரித்துக்கொண்டே அளவு நோட்டை எடுத்து நீட்டினார். வாடிக்கையாளர்களுக்கு நடுவே மகளுக்கும் ஒரு பக்கம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை: எண்பத்தாறு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதரை, தொண்ணூற்றொன்று.

தராசு இரண்டு தடவை படித்தாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். கால் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. கதவு நிலையில் முழு ஆளும் வளர்ந்தது மூன்றே மூன்று. காலைவிட ஆள் குறைவாக வளர முடியுமா? நடுவில் உடம்பு என்ன, உள்ளே மடித்துவைத்த துணியா?

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? நீதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளக்கிறியே. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? நான் தையக்காரன், எனக்கு இடுப்புக்குக் கீழதான் கணக்கு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார். "என்னம்மா ஆச்சு?"

அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். பிள்ளைகள் இரண்டும் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தன. படுக்கையறைக் கதவு நிலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தாள். முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு.

கடுகு ஒரு நாள் குதிகாலைத் தூக்குவாள். ஒரு நாள் தலை ஈரமாக இருக்கும், ஒரு நாள் முடியைத் தூக்கிக் கட்டியிருப்பாள். புத்தகம் ஒரு தடவை அழுந்தும், ஒரு தடவை அழுந்தாது. நான்கு தடவையும் மயிரிழை பிசகாமல் அதே முப்பத்து நான்கா? நம்ம கையே நடுங்கும்போது கோடு மட்டும் எப்படிக்கா நேரா வரும்? நேற்று வேப்பங்காயாகக் கசந்த வார்த்தை இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். பெரியவளின் கடைசி மூன்று கோடுகளில், ஒவ்வொன்றின் ஓரத்திலும், ஊசி குத்தின அளவில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. அது தராசு வைத்த புள்ளி இல்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடுகைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் எத்தனை தடவை ஓடியிருக்கிறாள் என்று கேட்டால் தேதி வாரியாகச் சொல்வாள். பெரியவளிடம் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினாள் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், நல்ல மதிப்பெண் வாங்குவாள், எதையும் கேட்கமாட்டாள். "கூன் போடாதே, நிமிர்ந்து நட" என்று இந்த வருஷம் முழுக்க அவளைத் திட்டியது மட்டும் ஞாபகம் வந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சொல்லிவைத்தார்களே, அழாத பிள்ளை என்ன குடிக்கும் என்று ஒருவராவது சொன்னார்களா?

ஞாயிறு காலை. பெரியவள் அப்பா இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கணுக்காலுக்குச் சரியாக நின்றது மடிப்பு. கடுகு முதலில் வந்து நிலையில் சாய்ந்தாள், வழக்கம்போலக் குதிகாலைத் தூக்கினாள், வழக்கம்போல உச்சந்தலையில் புத்தகத்தால் ஒரு தட்டு வாங்கினாள். நூற்றுப் பதினாறு.

"எழுதிட்டு வரேன்" என்று தராசு மேசைக்குத் திரும்பினாள். கதவுக்கு எதிரே நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி. நோட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் கண்ணாடிக்கு ஓட்டினாள்.

பெரியவள் பாவாடை இடுப்பில் செருகியிருந்த முப்பது சென்டிமீட்டர் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தாள். தங்கையின் கோட்டுக்கு மேல் அதை நிறுத்தினாள். ஸ்கேலின் உச்சியில் இரண்டு விரல் வைத்தாள். அதற்கு மேல் பென்சிலால் ஒரு புள்ளி. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது, கைதேர்ந்த வேலை. பிறகு நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிரே கண்ணாடியில் தன் உச்சந்தலையையும் அந்தப் புள்ளியையும் பார்த்தபடி மெல்ல, மெல்லக் கீழே இறங்கினாள்.

தராசு புத்தகத்தோடு வந்தாள். கணுக்காலில் நின்ற பாவாடை இப்போது தரையில் புரண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்பார்கள்; இந்தப் பிள்ளை தன்னையே ஒரு வருஷம் பாவாடைக்குள் மறைத்திருக்கிறது.

அவள் புத்தகத்தை மகளின் தலையில் வைக்கவில்லை. கீழே வைத்தாள். மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து, துணிக்கு மேலாகவே இரண்டு முழங்கால்களையும் உள்ளங்கையால் பிடித்தாள். இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"கால் வலிக்கலையா கண்ணு?"

பெரியவளின் முகம் வெளுத்துப்போனது. "பழகிடுச்சும்மா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் தராசு எவ்வளவோ பெரிய பாரத்தையெல்லாம் எண்ணாக எழுதியிருக்கிறாள், இந்த ஒரு வார்த்தையை அவளால் தாங்கமுடியவில்லை.

"எதுக்குடா இப்படி?"

"போன வருஷம் நான் மூணு சென்டிமீட்டர் வளர்ந்தேன்ல, அன்னிக்குக் கடுகு அழுதா." பெரியவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "நீயும் சமையல் ரூம்ல சித்திகிட்ட போன்ல அழுத. பெரியவ வளர வளர எனக்கு வயித்தைக் கலக்குது, பாக்கவே முடியலடின்னு சொன்ன. நான் தண்ணி குடிக்க வந்தேன். அதான்... கடுகு எவ்வளவு வளர்றாளோ அவ்வளவு மட்டும் நானும் வளரலாம்னு. அப்புறம் நீ அழவே இல்லல்லம்மா?"

சொன்னாள்தான். சொன்னது கடுகை நினைத்து. வாய்க்கு வந்ததைத் தங்கையிடம் கொட்டிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டது. தராசு எதையும் விளக்கவில்லை. மகளின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என் தங்கமே, என் தங்கமே" என்று மட்டும் சொன்னாள்.

இவ்வளவு நேரம் கடுகு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, இப்போது வெடித்தாள்.

"ஏய்! அப்போ அக்கா ஏமாத்துனாளா? ஒரு வருஷமா? நான் குதிகாலைத் தூக்குனா மட்டும் தலையிலயே போடுற, இவ முட்டியை மடக்குனா ஒண்ணும் இல்லையா?"

"கடுகு, கொஞ்சம் சும்மா இரு."

"இருக்கமாட்டேன். உன்னை யாருடி வளரவேண்டாம்னு சொன்னா? நீ உயரமா இருந்தாத்தான் மேல் தட்டுல அம்மா ஒளிச்சு வைக்கிற பிஸ்கட் டப்பா நமக்குக் கிடைக்கும். நீயும் குட்டையா நின்னுட்டா யாரு எடுத்துத் தருவா? டாக்டரா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் மெதுவாத்தான் வருவேன்னு அவரே சொல்லிட்டாரு. நீ முன்னாடி போ. எனக்கு வழி தெரியும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தராசு எழுந்து புத்தகத்தை எடுத்தாள்.

"நிமிர்ந்து நில்லு."

"அம்மா, வேண்டாம்..."

"நிமிருடா. அம்மா பாக்கணும்."

பெரியவள் முழங்காலை நீட்டினாள். தோளைப் பின்னால் தள்ளினாள். பாவாடை தரையை விட்டு எழுந்து கணுக்காலுக்கு வந்தது. தலை மேலே போனது, பென்சில் புள்ளியைத் தாண்டியது, இன்னும் போனது. நூற்று ஐம்பத்து நான்கு. தராசின் கண்ணுக்கு நேராக மகளின் கண் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வீட்டுக்குள் யாரோ ஒரு பெரிய பெண் புதிதாக வந்து நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"இவ்வளவு நாளா எங்கடி இருந்த?" என்று கேட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தராசு நோட்டை எடுத்து, பெரியவளின் கடைசி மூன்று எண்ணையும் அடித்தாள். பக்கத்தில் "பிழை: அளந்தவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடுகு எட்டிப் பார்த்து, "ஏமாத்துனது அக்கா. உன் பேரை ஏன் எழுதுற?" என்று நியாயம் கேட்டாள்.

"அளவு தப்பாப் போனா அளந்தவங்க பேருதான் எழுதணும்" என்றாள் தராசு.

திங்கட்கிழமை அவள் நேராகப் பூதக்கண்ணாடியின் மேசைக்குப் போனாள். நாலு பேர் காதில் விழும்படி திட்டியதால், நாலு பேர் காதில் விழும்படியே மன்னிப்புக் கேட்டாள். "கட்டுரை இப்போ போகாது. முப்பத்தொண்ணையும் திரும்பத் திறப்போம். கோட்டு மேல நிக்குற இருபதுலேர்ந்து ஆரம்பி."

"அக்கா, கோடு உடைஞ்சுபோகலாம்."

"உடையட்டும். எந்த மண்டலம் எதுன்னு எனக்குத் தெரியாதபடி பேரை எல்லாம் மாத்தி வை. தெரிஞ்சா என் கண்ணு தானா கோட்டைத் தேடும்."

மூன்று மாதம் அதே வேலையாக இருந்தார்கள். கோடு உடைந்தது என்று சொல்லமுடியாது, ஆனால் அந்தப் பழைய அழகு போய்விட்டது. பென்சில் கோடாக இருந்தது ஆறு மாதிரி அகலமாகிவிட்டது. சில இடத்தில் கருந்துளை முன்னால் ஓடிவிட்டது, மண்டலம் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் மண்டலம் பருத்துவிட்டது, கருந்துளை இன்னும் பொடிசாகவே கிடந்தது. ஒன்றாக வளர்பவை ஒரே நாளில் ஒரே அளவு வளரவேண்டும் என்று அவள்தான் எதிர்பார்த்திருந்தாள். பெரிய பத்திரிகை எதுவும் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடப்போவதில்லை. தராசு எதிர்ச்சுவரிலிருந்து பழைய தாளைக் கிழித்துவிட்டு, சிதறிக் கிடக்கும் புள்ளிகளை ஒட்டிவைத்தாள்.

அடுத்த அளவு நாள் வந்தது. கடுகு நூற்றுப் பதினேழு. குதிகாலைத் தூக்கினாள், தட்டு வாங்கினாள், எல்லாம் வழக்கம்போல. பிறகு பெரியவள் வந்து நிலையில் சாய்ந்தாள். யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றாள். தராசு கையை நன்றாக உயர்த்திப் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டாள். நூற்று ஐம்பத்தாறு.

"நடுவுல முப்பத்தொம்போது" என்று கடுகு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அறிவித்தாள். "எழுதிக்கோம்மா."

எந்தப் பிள்ளையும் அளந்ததும் திரும்பித் தன் கோட்டைத்தான் பார்க்கும். பெரியவள் கோட்டைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தராசுக்குச் சட்டென்று புரிந்தது. இத்தனை வருஷமும் இந்தக் கதவோரத்தில் அளந்தது அவள் மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எதிரே நின்ற பிள்ளை அவள் முகத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் வாய் கொள்ளாமல் சிரித்தாள். "அடி ஆத்தீ! இன்னும் ரெண்டு விரல்தான், என்னைத் தாண்டிடுவ போலிருக்கே!"

பெரியவள் பிடித்துவைத்த மூச்சை விட்டாள். பிறகு மோவாயைக் கொஞ்சம் தூக்கி, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மெல்லக் குதிகாலைத் தூக்கினாள்.